பாக்கர் தள்ளிய காற்று

பாம்பன் ஜெட்டியில் முப்பது நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "ஏலே, காத்தப் பத்தி ஒனக்கு என்னலே தெரியும்?" என்று ஒருவன் வேல்சாமியைப் பார்த்துக் கேட்டுவிட்டான். கேட்டது ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாசம். அதைப் பதினோரு வருஷம் அவர் செரிக்காத சோறு மாதிரி உள்ளே வைத்திருந்தார்.

வேல்சாமி தண்டல். பாய் கட்டின தோணியை நடத்துகிறவனுக்கு அந்தக் கரையில் அதுதான் பேர். படிப்பு மூன்றாம் கிளாஸ். நிலம் நீச்சு கிடையாது. தெரிந்தது காற்று ஒன்றுதான். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் எத்தனை மணிக்கு எழும்பும், வாடை என்றைக்கு விழும், கொண்டல் எந்த இடத்தில் ஆளை ஏமாற்றும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு காது மடலில் படுகிற குளிர்ச்சியை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

கேட்டவர் பாக்கர். 'மெஹருன்னிசா' என்ற லாஞ்சில், அதாவது மோட்டார் படகில், என்ஜின் டிரைவர். இப்போது அவர் இல்லை. ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, மக்காவிலேயே அடக்கமாகிவிட்டார். கொடுத்துவைத்தவர் என்று ஊரில் சொல்லுகிறார்கள். வேல்சாமியும் அப்படித்தான் சொல்லுவார். சொல்லி முடித்த கையோடு, "என்ன இருந்தாலும் அந்த ஆளு அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொள்வார்.

பாக்கருக்குப் பெரியபட்டினம். அவர் அத்தா சங்கு குளிக்கிறவர். மகனையும் கடலில் இறக்கிப் பார்த்தார். இரண்டாம் நாளே காதில் ரத்தம் வந்துவிட்டது. சரி, இவன் தண்ணீருக்குள் உதவமாட்டான் என்று மேலேயே வேலை பார்த்துக் கொடுத்தார்கள். ரயில் பாலத்துத் தூண்களின் அடிப்பாகத்தைப் பார்க்க அப்போது இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு ஆள் இறங்குவார்கள். அந்த ஆளுக்கு மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்ப ஒரு பம்பு. அதற்கு இரண்டு பக்கமும் சக்கரம். அந்தச் சக்கரத்தைச் சுற்றுவதுதான் பாக்கருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். நாலு வருஷம் சுற்றினார். சண்டைக் காலத்தில் திரிகோணமலைக்குப் போய், கப்பல் பட்டறையில் என்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவராக இருந்தார். திரும்பி வரும்போது நாடு சுதந்திரமாகியிருந்தது. பாக்கரும் எந்த என்ஜினையும் பிரித்து மாட்டுகிற ஆளாகியிருந்தார். இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. என்ஜின் மேல் கையை வைத்தால் அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். வாய் மட்டும் கெட்ட வாய்.

இரண்டு பேரையும் ஒரே லாஞ்சில் கொண்டுவந்து போட்டவர் கீழக்கரை வியாபாரி சலாஹுதீன் மரைக்காயர். வேல்சாமி நடத்திய தோணி அவருடையதுதான். அதை விற்றுவிட்டு, பட்டாளத்தார் கழித்துப்போட்ட லாஞ்சு ஒன்றை மெட்ராஸ் ஏலத்தில் எடுத்து, மகள் பேரை வைத்தார். அவர் கணக்கு இதுதான்: பாம்பன் கால்வாயில் ஆற்று வெள்ளம் மாதிரி நீரோட்டம் இழுக்கும். காற்றும் நீரோட்டமும் ஒத்து வருகிற வரைக்கும் தோணிகள் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாள்கணக்கில் கிடக்கும். அவற்றைக் கயிறு கட்டி இழுத்து அந்தப் பக்கம் விட ஒரு லாஞ்சு இருந்தால் வருஷம் முழுக்க வேலை.

துறைமுக ஆபீசில் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆடி மாசத்தில், நீரோட்டமும் கச்சானும் எதிர்த்து நிற்கும்போது, உப்பு ஏற்றிய தோணி ஒன்றை வடக்கேயிருந்து தெற்கே இழுத்துக் காட்ட வேண்டும். தூக்குப் பாலம் திறந்திருக்கிற நேரத்துக்குள் கடந்துவிட்டால் அனுமதி.

"ஆகலைன்னா லாஞ்சத் தூத்துக்குடி இரும்புக் கடைக்குத் தள்ளிட்டு நான் துணிக்கடையப் பாத்துக்கிட்டுப் போறேன்" என்றார் மரைக்காயர். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

வேல்சாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். தோணி போயிற்று. லாஞ்சும் போனால் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் மச்சினன் தோட்டத்தில் மண்வெட்டிதான். கடலில் தண்டல், கரையில் மச்சினனுக்குக் கூலியாள். அதைவிடக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். சுக்கானைப் பிடித்த கை சுக்கானைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆனி மாசத்தில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்கள். உப்பில்லாத வெறுந்தோணியை இழுத்தது. உப்பு மூட்டைகளில் பாதியை ஏற்றியதும் லாஞ்சு நின்ற இடத்திலேயே நின்று தண்ணீரைக் கடைந்தது. புகைபோக்கியிலிருந்து சுடுகாட்டுப் புகை மாதிரி கருப்பாக வந்தது.

"டிரைவரே, எண்ணெயக் கூட்டுங்க!" என்று வேல்சாமி கத்தினார்.

பாக்கர் என்ஜின் குழியிலிருந்து தலையை நீட்டினார். முகமெல்லாம் கரி. "கூட்டித்தானே இந்தப் பொகை? கருப்பாப் போறது அம்புட்டும் எரியாத எண்ணெய், தண்டலே. எண்ணெய் இருக்கு, அத எரிக்கக் காத்து இல்ல."

"காத்து இல்லையா? நடுக்கடல்ல நின்னுக்கிட்டு எம்புட்டுப் பெரிய பொய்யாச் சொல்றீங்க!"

"வெளிய இருக்கு. உள்ள போகலையே. இந்த என்ஜின் தானா உறிஞ்சிக் குடிக்கிற காத்து இம்புட்டுத்தான். அதுக்கு மேல எண்ணெய ஊத்துனா பொகைதான் வரும், பலம் வராது." பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக, "பம்பு சுத்துனேனே, அப்ப கீழ எறங்குனவன் பீமன் கணக்கா இருப்பான். நான் சக்கரத்த மெதுவாச் சுத்துனேன்னு வைங்க, அவனால சுத்தியலக் கூடத் தூக்க முடியாது. இதுக்கும் அதான். சுத்தி விடணும்" என்றார்.

வேல்சாமிக்குப் பாதிதான் புரிந்தது. அன்றைக்குச் சோறு போட்ட மனைவி பூமயிலிடம் இதைச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"இதுல புரியாம என்ன கெடக்கு? ஈர வெறக அடுப்பு நெறைய திணிச்சு வச்சாப் பொகையும். ஊதாங்குழல எடுத்து ஊதுனா எரியும். இது தெரியாமத்தான் இருவது வருசமா என் கையால சோறு தின்னீகளாக்கும்?"

"நீயே போயி என்ஜின ஓட்டு" என்று அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

அந்த வாரமே பாக்கர் மண்டபத்துப் பழைய இரும்புக் கடையைக் கிளறி ஒரு சாமானை எடுத்துவந்தார். பட்டாளத்துப் படகு ஒன்றின் உடைந்த என்ஜினிலிருந்து கழற்றியது. ஒரு தகரப்பெட்டி அளவுக்கு இரும்புக் கூடு. உள்ளே இரண்டு உருளை. ஒன்றின் இடுக்கில் மற்றது புகுந்து புகுந்து சுற்றும், ஆனால் ஒன்றை ஒன்று தொடாது. நடுவில் பீடிக்கட்டுத் தாள் போகிற இடைவெளிதான். ஒரு பக்கம் காற்றை வாங்கி மறுபக்கம் தள்ளும். பாக்கர் அதைப் 'புளோயர்' என்றார். மற்றவர்கள் ஊதி என்றார்கள்.

என்ஜின் சக்கரத்திலிருந்து பெல்ட்டுப் போட்டு அதைச் சுற்ற வைத்தார். அதன் காற்று வாங்குகிற வாயைத் தளத்துக்கு மேலே, ஒரு செம்பின் வாயளவுக் குழாயாக நீட்டி வைத்தார். மரைக்காயர் வந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி போட்டார். வியாபாரி இல்லையா?

"இந்த ஊதியச் சுத்துறதும் அதே என்ஜின்தானே பாக்கர்? அது பலத்த இதுக்குக் குடுத்துட்டு அப்புறம் தோணிய எப்படி இழுக்கும்?"

"கொஞ்சம் வாங்கும், நெறைய குடுக்கும், மொதலாளி. ஒங்க கடைக் கணக்குப்பிள்ளையும் ஒங்ககிட்டச் சம்பளம் வாங்கிக்கிட்டுத்தானே ஒங்களுக்குச் சம்பாரிச்சுக் குடுக்குறாரு?"

மரைக்காயர் சிரித்துவிட்டுப் போனார்.

முதல் ஓட்டத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. கரும்புகை நின்றுபோய்ப் புகையே கண்ணுக்குத் தெரியாமல் வந்தது, அவ்வளவுதான். இழுவை முன்போலத்தான். "ஊதுச்சு, ஒண்ணும் வேகல" என்றான் கயிறு கட்டுகிற பொன்னுச்சாமி. பாக்கர் அவனை ஒரு முறை முறைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். எண்ணெய்ப் பம்பின் திருகை அரைச் சுற்றுத் திறந்தார். காற்று கூடியிருக்கிறது, இனிமேல் எண்ணெயையும் கூட்டலாம், கூட்டினது அத்தனையும் எரியும் என்பது அவர் கணக்கு. லாஞ்சு ஒரு உதறு உதறிவிட்டுப் பாய்ந்தது. நின்றுகொண்டிருந்த பொன்னுச்சாமி உட்கார்ந்தான்.

"இப்ப வெந்துச்சாலே?" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

இன்னொன்றும் செய்தார். அமுக்கித் தள்ளுகிற காற்று சூடாகிவிடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுமே, அதேதான். சூடான காற்று உப்பிப் பெருத்து இடத்தை அடைக்கும், என்ஜினுக்குள் கொஞ்சமாகத்தான் கொள்ளும். அதனால் ஊதியிலிருந்து என்ஜினுக்குப் போகிற குழாயைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, அதில் கடல்தண்ணீர் சொட்டும்படி ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டார். வயிற்றுவலிக்காரனுக்கு ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது.

நாள் குறித்தார்கள். ஆடி இரண்டாம் வெள்ளி, ஜும்மா தொழுகை முடிந்த பிற்பாடு.

அன்றைக்குக் காலையிலிருந்தே கச்சான் பேயாக அடித்தது. மண்டபத்துக் கரை மணல் புகை மாதிரி எழும்பிக் கடலுக்குள் வந்து விழுந்தது. பாக்கர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். வேல்சாமி தளத்தில் நின்று அந்தக் குழாய் வாயைப் பார்த்தார். பிறகு கச்சானைப் பார்த்தார். இந்த என்ஜினுக்கு வேண்டியது காற்று. அந்தா, மலை மாதிரி காற்று வந்துகொண்டிருக்கிறது. இந்த வாயோ வானத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. காற்றைப் பிடித்துக் கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த லாஞ்சில் யார்?

பழைய தோணியின் பாய்த்துணி ஒரு துண்டு அவரிடம் இருந்தது. கோணி ஊசியை எடுத்தார். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும், பெரிய புனல் மாதிரி தைத்தார். பிரப்பங்கழி ஒன்றை வளைத்து வாய்க்குக் கொடுத்தார். அடியைக் குழாயில் இறுக்கிக் கட்டி, வாயைக் கச்சானுக்கு நேரே திருப்பி நிறுத்தினார். துணி பட்டென்று உப்பியது. பொன்னுச்சாமி கைதட்டினான்.

"தண்டலுன்னா தண்டலுதான்! டிரைவருக்கு இது தோணலையே!"

"சொல்லாத. பாலத்தத் தாண்டுனப்புறம் காட்டுவோம்" என்றார் வேல்சாமி. இருபது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு தையல் தைத்ததில்லை.

பாக்கர் தொழுதுவிட்டு வந்தவர், பின்பக்கமாக ஏறி நேரே குழிக்குள் இறங்கிவிட்டார். மேலே பார்க்கவில்லை. சுக்கானுக்கும் என்ஜின் குழிக்கும் நடுவே ஒரு கயிறு, கயிற்று முனையில் மணி. ஒன்று அடித்தால் மெதுவாக, இரண்டு அடித்தால் நடுவேகம், மூன்று அடித்தால் முழுவேகம். வேல்சாமி இரண்டு அடித்தார். தோணிக் கயிறு விறைத்தது. உப்புத் தோணி அசைந்தது. பாலத்தில் ஆட்கள் கம்பி போட்டுச் சுற்ற, இரண்டு இரும்புக் கையும் வானத்தைப் பார்க்க எழும்பின. வேல்சாமி மூன்று அடித்தார்.

பாதிக் கால்வாய் வரைக்கும் ராஜா மாதிரி போனது. பிறகு ஊதியின் சத்தம் மாறியது. சங்கு ஊதுகிற மாதிரி இருந்த சத்தம், அம்மியில் கல் அரைபடுகிற சத்தமாகிவிட்டது. அப்புறம் கிறீச்சென்று ஒரு கத்தல். பெல்ட்டுக் கருகுகிற நாற்றம். என்ஜின் இருமி இருமி நின்றேபோயிற்று.

நீரோட்டம் சும்மா இருக்குமா? லாஞ்சையும் தோணியையும் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, பக்கவாட்டில் கால்வாய் ஓரத்துப் பாறையைப் பார்த்துக் கொண்டுபோனது. வேல்சாமி, "நங்கூரம்! ரெண்டுலயும் போடு!" என்று கத்திக்கொண்டே சுக்கானை ஒடித்துப் பிடித்தார். இரண்டு நங்கூரமும் ஒன்றாக விழுந்து மணலில் கவ்வின. பாறைக்கும் தோணிக்கும் நடுவே ஆறு பாகம், ஏறக்குறைய முப்பத்தாறு அடி, இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பாலத்தின் கைகள் இறங்கின. சோதனை முடிந்தது.

தோணிக்காரர்கள் கயிறு போட்டு ஜெட்டிக்கு இழுத்தார்கள். பாக்கர் மேலே வந்து அந்தத் துணிப் புனலைப் பார்த்தார். உள்ளே கையை விட்டார். ஒரு கை மணல், உப்புத் தண்ணீரில் குழைந்த மணல். அதைக் கையில் வைத்துக்கொண்டே ஜெட்டியில் குதித்தார். துறைமுக ஆபீசர், மரைக்காயர், தோணிக்காரர்கள், மீன் விற்கிற பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அதுவரை 'நீங்க', 'வாங்க' என்று பேசிக்கொண்டிருந்த மனுஷன் அப்போதுதான் அந்த 'ஏலே'யைப் போட்டார்.

"ஏலே, காத்தப் பத்தி ஒனக்கு என்னலே தெரியும்? கச்சான் பாயத் தள்ளுதுன்னா பாய் ஒரு வீட்டுக் கூரை அளவு பெருசு. இது செம்பு வாய்! இதுக்குள்ள கச்சான் என்னத்தத் தள்ளிப்புடும்? ஊதி தள்ளுற தள்ளுக்குக் கச்சான் ஒரு கொசு மூச்சு! காத்த நான் தள்ளிக்கிருவேன். எனக்கு வேண்டியது சுத்தமான காத்து. நீ மணல அள்ளி அது வாயில போட்டிருக்க!"

வேல்சாமி லாஞ்சில் ஏறித் துணிப் புனலை அவிழ்த்தார். மணல் பாக்கர் கையில் இருந்தது.

மரைக்காயர் ஆபீசரிடம் என்ன சொன்னாரோ, ஆடி முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று சம்மதம் வாங்கினார். மூன்று வாரம் இருந்தது.

பாக்கர் ஊதியைப் பிரித்தார். உருளைகள் பூனை பிராண்டின மாதிரி கீறிக் கிடந்தன. சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு நாள் முழுக்கத் தேய்த்தார். தேய்ப்பார், மாட்டுவார், பீடிக்கட்டுத் தாளை நடுவே விட்டுப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி தேய்ப்பார். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒருத்தர் இருக்கிற பக்கம் மற்றவர் எச்சில் கூடத் துப்பவில்லை.

"அந்த ஆளு சொன்னது நெசமா பொய்யா?" என்று பூமயில் கேட்டாள்.

"நெசமோ பொய்யோ, ஊரக் கூட்டி வச்சா சொல்லுவான்?"

"அப்ப நெசந்தான்."

வேல்சாமிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தாலும் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமான காற்று வேண்டும் என்கிறான். மணல் வராமல் காற்று மட்டும் வர என்ன செய்வது? தோணிப் பலகை இடுக்கில் திணிக்கிற தேங்காய்நார் ஞாபகம் வந்தது. ஊறப்போட்டு, அடித்து, பஞ்சு மாதிரி மெத்தென்று ஆக்கின நார். அதை எண்ணெயில் தோய்த்தால் தூசி தும்பு எல்லாம் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய்க் கையோடு மணலைத் தொட்டவனுக்கு இது தெரியும். ஒரு கூடை நாரை எடுத்துக்கொண்டு போய், குழியின் வாசலில் வைத்தார். பக்கத்தில் ஒரு எண்ணெய்க் குப்பியையும் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் அடியெல்லாம் ஓட்டை போட்டு, எண்ணெயில் நனைத்த நாரை அதில் திணித்து, குழாய் வாயில் மாட்டியிருந்தது. வாயும் பழைய இடத்தில் இல்லை. சுக்கான் அறைக்குப் பின்னால், ஒதுக்குப்புறமாக, கச்சானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பாக்கர் தலையைத் தூக்கவில்லை. வேல்சாமியும் கேட்கவில்லை.

இரண்டாம் சோதனை ஆடிக் கடைசி வெள்ளியில். காற்றும் குறையவில்லை, நீரோட்டமும் குறையவில்லை. அதே உப்புத் தோணி. பாலம் திறந்தது. வேல்சாமி மணியை இரண்டு அடித்தார். பிறகு மூன்று. ஊதி சங்கு மாதிரி ஊதியது. ஈரச் சாக்கிலிருந்து ஆவி எழும்பியது. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டினார்கள். தாண்டியதும் வேகம் குறைந்தது. பாலத்தின் திறப்புக்கு நேரே நீரோட்டம் குறுகி, சுவர் மாதிரி எதிர்த்து நின்றது. லாஞ்சு அரை பாகம் முன்னே போகும், கால் பாகம் பின்னே வரும். பாலத்து ஆட்கள் கையைக் காட்டிக் கத்தினார்கள்.

வேல்சாமிக்குத் தெரியும், பாம்பன் பக்கத்துத் தூணை ஒட்டி ஒரு தோணி அகலத்துக்கு நீரோட்டம் செத்திருக்கும். முழு நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் அங்கே போக முடியும். குறுக்கே வெட்டும்போது என்ஜின் ஒரு நொடி தளர்ந்தாலும் தூணில்தான். என்ஜினுக்கு இதற்கு மேல் பலம் உண்டா என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. பேச்சு இல்லையே. கயிற்றைப் பிடித்தார். மூன்று அடித்தார். ஏற்கெனவே மூன்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மூன்று அடித்தார்.

கீழே ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாக்கர் திருகைத் திறந்தார் போலும். ஊதியின் குரல் ஏறியது. லாஞ்சின் மூக்கு தூக்கியது. வேல்சாமி சுக்கானை வயிற்றில் கொடுத்துத் தள்ளினார். தூண் பக்கத்தில் வந்தது, கையை நீட்டினால் தொடலாம் போல வந்தது, செத்த தண்ணீருக்குள் லாஞ்சு வழுக்கி விழுந்தது. அவ்வளவுதான். பின்னால் தோணியும் இழுபட்டு வந்தது. தலைக்கு மேல் பாலம் போனது. திரும்பிப் பார்த்தார். புகைபோக்கியில் இளஞ்சாம்பல் நிறத்தில் லேசான புகை. கருப்பு இல்லை.

தெற்கே போய் நங்கூரம் போட்டதும் பாக்கர் குழியிலிருந்து மேலே வந்தார். சட்டை பிழிந்த துணி மாதிரி இருந்தது. மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்தார், யோசித்தார், இன்னொன்றையும் எடுத்து நீட்டினார். வேல்சாமி வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் வடக்கே பாலத்தைப் பார்த்துக்கொண்டு புகை விட்டார்கள்.

அதற்கப்புறம் மூன்று மாசம் மணியில்தான் பேச்சு. பிறகு வாயாலும் பேசினார்கள். பதினோரு வருஷம் 'மெஹருன்னிசா' தோணி இழுத்தது. ஒரே பானைக் கஞ்சியைத்தான் இரண்டு பேரும் குடித்தார்கள். ஆனால் பாக்கர் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. வேல்சாமி கேட்கவும் இல்லை. உள்ளே மட்டும் அது கிடந்தது.

அறுபத்து மூன்றில் பாக்கருக்கு ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. பம்பாயிலிருந்து கப்பல். போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் தெரிந்தவர், அறிந்தவர் வீடெல்லாம் போய், "நான் ஏதும் தப்புச் செஞ்சிருந்தாப் பொறுத்துக்கிடணும்" என்று கேட்பது வழக்கம். கேட்டே ஆக வேண்டும். மனுஷனுக்குச் செய்த தப்பை அந்த மனுஷன்தான் பொறுக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. இது வேல்சாமிக்கு நன்றாகத் தெரியும். பாக்கர் வருகிற அன்று வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு பாக்க வாராகளாக்கும்?" என்றாள் பூமயில்.

பாக்கர் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். கூடவே அவர் மனைவி காலிதா. பூமயில் பாய் விரித்து மோர் கொடுத்தாள்.

"தண்டலே, ஒங்கள ஏமாத்தி ஒங்க பீடிய நெறையக் குடிச்சிருக்கேன். பொறுத்துக்கிடணும்" என்றார் பாக்கர்.

"பொறுத்தேன்."

"ஒங்க வீட்டுக் கருவாட்டுக் கொழம்ப, உப்புக் கரிக்குதுன்னு சொல்லிக்கிட்டே மூணு தடவ வாங்கித் தின்னிருக்கேன். தங்கச்சி, நீயும் பொறுத்துக்க."

"அது ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் பூமயில்.

"அப்புறம் நீங்க மணி அடிக்கையில கீழ இருந்துக்கிட்டுக் கெட்ட வார்த்தை சொல்லுவேன். ஒங்களுக்குக் கேக்காது."

"கேக்கும்."

"சரி, பொறுத்துக்கங்க." பாக்கர் மோரைக் குடித்து முடித்து, எழுந்திருக்கப் போனார்.

"வேற ஒண்ணும் இல்லையா?" என்றார் வேல்சாமி.

"வேற என்ன?"

"ஆடி மாசம். ஜெட்டி. நாப்பது பேரு."

பாக்கர் அவரையே பார்த்தார். ஞாபகம் வந்தது. "அதா? அது பொய்யில்லையே. நெசத்துக்கு எதுக்கு மன்னிப்பு?"

காலிதா புருஷன் தொடையில் இடித்தாள். "கேட்டுட்டுப் போங்களேன். மக்காவுக்குப் போற மனுஷன் பேசுற பேச்சா இது?"

பாக்கர் தொப்பியைச் சரிசெய்தார். "சரி. ஏலேன்னு கூப்பிட்டது தப்பு. நாப்பது பேருக்கு முன்னால சொன்னது தப்பு. அந்த ரெண்டையும் பொறுத்துக்கிடணும் தண்டலே, அல்லாவுக்காக."

"அந்தக் காத்து வெவகாரம்?"

"அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியாது. இன்னைக்குத் தெரியும். அந்த நாருக் கூடைய வச்சுட்டுப் போனீங்களே, அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அதையும் சேத்துப் பொறுத்துக்கங்க."

வேல்சாமியிடம் பதினோரு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அது வாய் வரைக்கும் வந்து, எங்கேயோ போய்விட்டது. "பொறுத்தேன்" என்றார். பூமயில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

வாசல் வரைக்கும் போன பாக்கர் நின்றார். திரும்பினார்.

"தண்டலே, ஒரு வேல இருக்கு. மண்டபத்துல புதுசு புதுசா என்ஜின் வச்ச மீன்படகா எறக்குறானுக. நேத்துப் பாத்தேன், ஒருத்தன் காத்து வாங்குற வாயக் கச்சானுக்கு நேரா வச்சு, துணியில கூடு தச்சுக் கட்டியிருக்கான், ஒங்கள மாதிரியே. நான் போயிச் சொன்னா ஏசிப்புடுவேன், அவனும் கேக்க மாட்டான். அதே தப்பப் பண்ண ஆளு சொன்னாக் கேப்பான். நாளைக்குக் காலையில ஒரு கூடை நாரு எடுத்துக்கிட்டு நீங்க போங்க. வாயப் பின்னுக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்க. நான் அன்னைக்கு ஒங்களக் கேட்டதையும் அவன்கிட்டச் சொல்லுங்க, சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."